சிவப்பைத் தின்னும் கண்ணாடி

எங்கள் பழைய கடையை இப்போது நடத்துகிற பிள்ளைகள் போன வாரம் வீடு தேடி வந்தார்கள். "பொழுதுபோக்குக்குப் படம் எடுக்கிறவங்க காமெராவோட என்னென்ன வாங்கலாம், எதை வாங்க வேணாம்னு நாலு வரி எழுதிக் குடுங்க சார். கடையில ஒட்டி வைக்கிறோம்" என்றார்கள். நாலு வரி எதற்கு, ஒரே வரி போதும். காமெரா வாங்கியவர் முதல் ஆறு மாசம் வேறு எதையும் வாங்க வேண்டாம். இதைக் கடையில் ஒட்டினால் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. சரி, கொஞ்சம் விரித்து எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத உட்கார்ந்தால் கை வேறு எங்கோ போய்விட்டது. ஒட்டுவதும் ஒட்டாததும் அவர்கள் பாடு.

அவர்கள் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படிக்கிற ஒரு தம்பி, முதுகில் ஒரு மூட்டையோடு கடைக்கு வந்திருக்கிறார். ஸ்டாண்டு, ஃப்ளாஷ், கலர் கலராக ஃபில்டர், துடைக்கிற துணியிலேயே ஏழெட்டு ரகம். எல்லாம் போனிலேயே வாங்கியது. இதில் எதைப் போட்டு என்ன எடுத்தீர்கள் என்று கேட்டால், "இன்னும் எடுக்கலைங்க, சாமான் எல்லாம் வந்து சேரட்டும்னு இருக்கேன்" என்றாராம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பகீர் என்றது. அந்தப் பையில் ஒரு சிவப்பு ஃபில்டரும் இருந்ததாம். "இது எதுக்கு?" என்று கேட்டதற்கு, "தெரியலைங்க, சேர்ந்து வந்துச்சு" என்றாராம்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் மிராசுதார் பண்ணையில் நட்டு அறுத்துப் பிழைத்தவர்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தஞ்சாவூரில் காமெரா சாமான் விற்கிற கடையில் சேர்ந்தேன். முதலில் தூசி தட்டினேன், அப்புறம் பொட்டலம் கட்டினேன், அப்புறம் கவுண்ட்டரில் நின்றேன். பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் இல்லை. முதலாளி பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றதுதான் பயிற்சி.

முதலாளி கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் பொட்டுக்கடலை வைத்துக்கொண்டு நின்றபடியே கொறிப்பார். லென்ஸைத் தொடுமுன் கையைத் துடைத்துக்கொள்வார். அதற்கென்று பழைய மல் வேட்டித் துண்டு ஒன்று, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனது, தோளிலேயே கிடக்கும். பேச்சு அவ்வளவு மெதுவாக இருக்கும். கலெக்டர் வந்தாலும் "வாங்க தம்பி"தான். ஆனால் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். "எதுக்குத் தம்பி?" என்பார். வாங்க வந்தவருக்கு அங்கேயே பாதிச் சுருதி இறங்கிவிடும்.

ஸ்டாண்டு கேட்டால், மூன்று காலையும் முழுக்க இழுத்து நிறுத்துவார். தலையில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றின டம்ளரை வைப்பார். பக்கத்தில் தரையில் ஒரு மிதி மிதிப்பார். தண்ணீர் ஆடி உடனே அடங்கினால் நல்ல ஸ்டாண்டு. அலை ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருந்தால், "இது கொடியில துணி காயப்போட ஆகும், எடுத்து வைடா" என்பார். ஃபில்டரை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். கண்ணாடியில் தெரிகிற டியூப்லைட் நேர்க்கோடாக இருக்க வேண்டும். அது பாம்பாக நெளிந்தால் அந்த ஃபில்டர் எந்தத் தேசத்தில் செய்ததாக இருந்தாலும் திரும்ப அட்டைப் பெட்டிக்குள் போய்விடும். அப்போதெல்லாம் நாகப்பட்டினத்தில் சிங்கப்பூர்க் கப்பல் வந்து நின்றால், இறங்கியவர்கள் கொண்டுவந்த சாமான் ரெண்டொரு நாளில் எங்கள் கடைக்கு வரும். ஜனங்களுக்குக் கப்பல் சாமான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தோன்றும். முதலாளிக்குக் கப்பல் சாமான் என்றால்தான் சந்தேகமே வரும்.

எங்கள் சீமைக்கென்றே சில அசட்டுத்தனங்கள் உண்டு. ஐப்பசி மழையில் தோல் உறைக்குள் கிடக்கிற லென்ஸில் பூசணம் பூத்துவிடும். அதற்குப் பயந்து ஒரு பெரிய மனிதர் காமெராவை நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்துக்குள் இறக்கி வைத்துவிட்டார். ஈரம் அண்டாதாம். தை மாசம் எடுத்துப் பார்த்தால் ஷட்டர் அசையவே இல்லை. முதலாளி அதைத் திறந்து காகிதத்தின் மேல் தட்டினார். பொன்னிறத் தூளாகக் கொட்டியது நெல் சுணை. "ஏன் தம்பி, இதை வச்சுக் கதிர் அறுத்தீங்களா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்.

ஆனால் முதலாளியின் வித்தை எல்லாம் ஃபில்டர் கேட்டு வருகிறவர்களிடம்தான் தெரியும். ஃபில்டர் என்று சொல்ல மாட்டார், கண்ணாடி என்பார். "இது எதையும் குடுக்காது தம்பி. எடுக்கத்தான் செய்யும். எதை எடுக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க" என்பார். மஞ்சள் கண்ணாடி நீலத்தைக் கொஞ்சம் எடுக்கும், அதனால் மேகம் தெரியும். ஃப்ளாஷ் நிழலை எடுக்கும். தூரத்தைக் கிட்டே கொண்டுவருகிற லென்ஸ், நாம் நடக்க வேண்டிய நாலு அடியை எடுக்கும். அத்தனை வருஷம் கவுண்ட்டரில் நின்று நான் கற்ற வியாபாரம் இவ்வளவுதான். இப்போது வாங்குகிற பிள்ளைகளும் இதை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

இனி சின்ன மிராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மிராசுதாருக்கு ஒரே மகன். மதராஸில் படித்துவிட்டு வந்தவர், மெல்லிய பேச்சு, யாரையும் அதட்ட மாட்டார். ஊரே அவரைச் சின்ன மிராசு என்றுதான் சொல்லும். காமெராப் பைத்தியம். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது ஜீப்பில் தஞ்சாவூருக்கு வந்து எங்கள் கண்ணாடி அலமாரி முன்னால் நிற்பார். ஊரில் அவர் எதிரே வந்தால் என் அப்பா வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கி நிற்பார். கடையில் நான் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, "காப்பி சொல்லட்டுமா சார்?" என்பேன். "நீ எங்க ஊர் ஆளுல்ல?" என்று சிரிப்பார். உண்மையைச் சொன்னால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

கோட்டையில் ஆட்சி மாறிய புதிது அது. நிலத்துக்கு உச்சவரம்பை இறுக்கப் போகிறார்கள் என்ற பேச்சில் பெரிய பண்ணைகளெல்லாம் மாமன் பேரிலும் மச்சான் பேரிலும், இல்லாத ஆள் பேரிலும் நிலத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். கீழே அறுப்புக்கு அறுப்பு கூலித் தகராறு. ஊருக்கு ஊர் சங்கம், வரப்புக்கு வரப்பு செங்கொடி. என் அக்காள் புருஷன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு முன்னால் நிற்கிற ஆள்.

சின்ன மிராசு சிவப்பு ஃபில்டர் கேட்டு வந்த அன்றைக்கு எங்கள் தெருவில் ஏதோ பொதுக்கூட்டம். கறுப்பு சிவப்புக் கொடியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள். முதலாளி அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடியைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கச் சொன்னார்.

"என்ன தெரியுது தம்பி?"

"வானம் கறுத்துப் போச்சு. மேகம் மட்டும் வெள்ளி மாதிரி நிக்குது. பிரமாதம்!"

"கொடியைப் பாருங்க."

"அட! கறுப்பு மட்டும் இருக்கு, கீழ்ப்பாதி வெளுத்துப் போச்சே!"

"சிவப்பைத் தின்னுடும். கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல சிவப்பெல்லாம் வெள்ளையா விழும். வாங்கிக்குங்க, ஆனா ஞாபகம் இருக்கட்டும். வெளியில பாதிக் கொடியைக் காணோம்னு மட்டும் சொல்லிடாதீங்க, என் கடையை உடைச்சிருவாங்க" என்றார் முதலாளி. சின்ன மிராசு விழுந்து விழுந்து சிரித்தார்.

பொங்கல் கழித்துத் திரும்ப வந்தபோது சிரிப்பு இல்லை. பொங்கலன்றைக்கு வாசலில் வீட்டுப் பெண்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறார். மேகம் அழகாக இருந்ததால் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. படத்தில் ஒருத்தர் நெற்றியிலும் குங்குமம் இல்லை. அவர் அம்மா, மனைவி, அத்தை என்று வரிசையாக வெறும் நெற்றியோடு நிற்கிறார்கள். "உங்கப்பா கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கார், அதுக்குள்ள என்னை இந்தக் கோலத்துல எடுத்துட்டியேடா" என்று அவர் அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். முதலாளி பொறுமையாக மறுபடியும் எல்லாவற்றையும் விளக்கினார். சிவப்பு எங்கே இருந்தாலும் போய்விடும், நெற்றியில் இருந்தாலும் சேலையில் இருந்தாலும் போய்விடும் என்றார். வேண்டாம் என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். சின்ன மிராசு கண்ணாடியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும். மேகத்துக்கு வேணும்" என்றார்.

அந்த மாசியில்தான் சம்பா அறுப்பில் தகராறு முற்றியது. களத்தில் அளக்கிற கூலியில் அரைப்படி கூடக் கேட்டார்கள். பண்ணை மறுத்து வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. எங்கள் ஜனங்கள் வரப்பில் செங்கொடியை நட்டுவிட்டு வயலை மறித்து நின்றார்கள். பண்ணையின் காரியஸ்தர் ஆள்களோடு வந்தார். பேச்சு தடித்தது, தடி எழுந்தது. காரியஸ்தர் கையால் முதல் அடி அத்தானுக்கு. இடது காதுக்கு மேலே. அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ரத்தம் காதைச் சுற்றி இறங்கி வெள்ளைச் சட்டையெல்லாம் ஊறிவிட்டது.

சின்ன மிராசு அடுத்த வரப்பில் காமெராவோடு நின்றிருக்கிறார். மேகம் எடுக்க வந்தாராம். என் அக்காள் அவரைப் பார்த்ததும் ஓடியிருக்கிறாள். "சின்ன ஐயா, இதைப் படம் புடிங்க! நாளைக்கு இல்லைன்னுடுவாங்க. நீங்களே சாட்சி!" என்று கும்பிட்டாளாம். அவரும் தயங்காமல் வந்தார். கிட்டே மண்டியிட்டார். அத்தானிடம், "கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க" என்று சொல்லி எடுத்தார். அதற்கப்புறம்தான் அத்தானை மாட்டு வண்டியில் தூக்கிப் போட்டார்கள்.

தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்கு அத்தான் வந்து சேர்ந்த அன்று நான் கடையிலிருந்து ஓடினேன். தலை நிறையக் கட்டு. பேச்சு வரவில்லை. பண்ணையார் பக்கத்துப் புகார் அதற்குள் போய்விட்டிருந்தது. வயலில் அத்துமீறி நுழைந்தார்கள், அறுக்க வந்தவர்களைத் தாக்கினார்கள், பண்ணை ஆள் யாரும் யாரையும் தொடவில்லை என்று. அத்தான் பேர் அதில் முதல் பேர். கண் விழித்தால் ஜெயில். அக்காள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். "நீ ஏன்டா கலங்குறே? படம் இருக்குடா. அவங்க வீட்டுப் பிள்ளையே புடிச்ச படம். அதை யாரு இல்லைங்க முடியும்?"

அந்தச் சுருள் எங்கள் கடைக்குத்தான் வந்தது. ஜீப் டிரைவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சீக்கிரம் வேண்டும் என்று சொல்லிப் போனார். இருட்டறையில் முதலாளியே பிரிண்ட் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். காகிதத்தை மருந்துத் தட்டில் நழுவவிட்டு, ஓரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டினார். முதலில் வானம் வந்தது, கன்னங்கரேலென்று. அப்புறம் மேகம் விலகி நின்றது. வரப்பு வந்தது. அத்தான் முகம் வந்தது. சட்டை வந்தது. வெள்ளைச் சட்டை. ரத்தம் வரும், இப்போது வரும் என்று நான் தட்டின் மேல் குனிந்து நின்றேன். வரவில்லை. சட்டையில் வியர்வை நனைத்த மாதிரி ஒரு மங்கல், காதோரம் லேசான மினுமினுப்பு, அவ்வளவுதான். வேலை முடித்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர்.

"இன்னும் கொஞ்ச நேரம் போடுங்க முதலாளி, வந்துடும்" என்றேன்.

"வராதுடா" என்றார். எடுத்து அலசி, சிவப்பு விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அத்தானுக்குப் பின்னால் வரப்பில் நட்டிருந்த கொடியைக் காட்டினார். அது வெள்ளைக் கொடியாகப் பறந்துகொண்டிருந்தது. "ரெண்டு தடவை சொன்னேனேடா" என்றார். "ரெண்டு தடவை சொன்னேனே."

தெரியாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடுத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். நினைக்க விரும்பினேன். படத்தைக் கொடுக்காதீர்கள், கிழித்துப் போடுங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. "படம் அவரோடது. குடுத்துத்தான் ஆகணும். ஆனா அது எப்படி எடுத்த படம்னு சொல்ல நமக்கும் வாய் இருக்கு" என்றார்.

விசாரணை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. முதலாளி என்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். "அவர் உன் அத்தான்னு அங்கே சொல்லாதே. கடைக்காரன் சொல்றது கடைக்காரன் சொல்றதா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். வகுப்பறையில் அதிகாரி ஒருவர், பண்ணை வக்கீல், பண்ணையார், சின்ன மிராசு. வாசலில் ஊரே நின்றது.

வக்கீல் எங்கள் கடையில் போட்ட அதே பிரிண்டை எடுத்து மேசையில் வைத்தார். "அடித்தார்கள் என்கிற நேரத்துக்குப் பிறகு எடுத்த படம் இது. அவர்களே கேட்டு எடுத்தது. ஒரு சொட்டு ரத்தம் இருக்கிறதா பாருங்கள். சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். பிறகு சாராயத்தைக் குடித்துவிட்டு மதகில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டால் பண்ணை என்ன செய்யும்?" என்றார்.

வாசலில் நின்றவர்களுக்கு முதலில் புரியவே இல்லை. படம் கை மாறி அவர்களிடம் வந்தது. அத்தானைத் தன் கையால் வண்டியில் தூக்கிப் போட்டவர் படத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார், ரத்தம் அங்கே இருக்கிற மாதிரி. என் அக்காள் அலறினாள். "ஐயோ, நான் என் முந்தானையால தொடைச்சேனே! ஏங்க, என் கையெல்லாம் ரத்தமா இருந்துச்சே! இதுல எங்கேங்க போச்சு?" அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

முதலாளி முன்னால் போய் வணக்கம் சொன்னார். யார் என்று சொல்லிக்கொண்டார். பையிலிருந்து ஒரு சிவப்பு ஃபில்டரை எடுத்து, தோள் துண்டால் துடைத்து, அதிகாரியிடம் நீட்டினார். "இது வழியாப் பாருங்க தம்பி" என்றார். அதிகாரியையும் தம்பி என்று சொன்னதில் வக்கீல் முறைத்தார். அதிகாரி முதலில் தன் முன்னாலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் அவரே சிவப்புப் பென்சிலால் போட்டிருந்த கோடுகளைக் காணவில்லை. கண்ணாடியை எடுத்தார், கோடு வந்தது. வைத்தார், போனது. பிறகு நிமிர்ந்து, எதிரே அழுதுகொண்டு நின்ற என் அக்காளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒரு கணம்தான். சட்டென்று கண்ணாடியை மேசையில் கவிழ்த்துவிட்டார். அவள் நெற்றியில் இருந்த குங்குமம் அவருக்குத் தெரிந்திருக்காது. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவள் அவள்.

"என்னங்க தெரியுது?" என்று அக்காள் கேட்டாள். அதிகாரி சின்ன மிராசு பக்கம் திரும்பினார்.

"படம் எடுக்கும்போது இந்த மாதிரிக் கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

"சிவப்பு விழாதுன்னு தெரியுமா?"

"தெரியும். இவங்க கடையில சொல்லியிருக்காங்க."

"தெரிஞ்சுமா எடுத்தீங்க?"

சின்ன மிராசு அப்பாவைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. கோபமில்லாமல், கூச்சமில்லாமல், கடையில் பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னார். "படம் எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். ரத்தம் தெரியணும்னு யாரும் சொல்லலையே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடித்த காரியஸ்தர் மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. அவனாவது தடியை ஓங்கினான், எல்லோரும் பார்த்தார்கள். இவர் மண்டியிட்டு, நிமிரச் சொல்லி, குவியம் பார்த்து, நிதானமாக அந்தக் கண்ணாடியாலேயே ரத்தத்தைத் துடைத்து எடுத்திருக்கிறார். வக்கீலே அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பேச்சினாலேயே படம் சாட்சிக்கு ஆகாது என்று அதிகாரி ஒதுக்கிவிட்டார். எங்கள் ஆட்கள் மேலிருந்த வழக்கு சமரசப் பேச்சில் கரைந்தது. அரைப்படி கேட்டதில் பாதி கிடைத்தது. அடித்தது யார் என்பது மட்டும் தள்ளுமுள்ளு என்று முடிந்துபோனது. அத்தான் பிழைத்தார். இடது காது மட்டும் செத்துவிட்டது. அந்தப் பக்கம் பட்டாசு வெடித்தாலும் திரும்ப மாட்டார்.

அதற்கப்புறம் சின்ன மிராசு எங்கள் கடைக்கு வரவில்லை. பண்ணை கொஞ்சம் கொஞ்சமாக விற்றுப்போய், அவர் மதராஸோடு போய்விட்டதாகக் கேள்வி. நான் கவுண்ட்டரிலேயே நரைத்தேன். ஃப்ளாஷ் பல்பு போய் எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் வந்தது, கறுப்பு வெள்ளை போய்க் கலர் வந்தது, ஃபிலிமே போனது. மூடி தொலைத்தவருக்கு மூடி, வார் அறுந்தவருக்கு வார் என்று வாழ்க்கை ஓடியது. யார் எதைக் கேட்டாலும், இது எதை எடுக்கும் தெரியுமா என்று கேட்கிற முதலாளியின் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கேட்கிறபோது என் குரல் அவருடையதைப் போல மெதுவாக இருக்காது. வாடிக்கையாளர்கள் சிலர் பயந்தே போயிருக்கிறார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு சமயம், அத்தான் கண் ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். கட்டு அவிழ்த்து, பார்வை தெளிந்து, ஊருக்குக் கிளம்ப இருந்தார். தஞ்சாவூரில் ஏதோ புகைப்படக் கண்காட்சி நடந்தது. பழைய தஞ்சைச் சீமைப் படங்கள் என்று போட்டிருந்தார்கள். புதுக் கண்ணுக்கு நல்லதாக நாலு படம் பார்க்கட்டுமே என்று கூட்டிக்கொண்டு போனேன். வேறு நினைப்பே எனக்கு இல்லை.

நடுச் சுவரில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கறுத்த வானம், வெள்ளி மேகம், வெள்ளைக் கொடி. அத்தான் கிட்டே போய்ப் பார்த்தார். "இது நம்மூர் வரப்புடா" என்றார். இன்னும் கிட்டே போனார். "மாப்ளே, இது நான்டா!"

முன்னால் நின்ற கல்லூரிப் பெண்கள், "என்ன ஒரு அமைதி பாரேன் அந்த முகத்துல" என்று பேசிக்கொண்டார்கள். முதல் பரிசு வாங்கிய படம் என்று எழுதியிருந்தது.

"கீழே என்னடா பேர் போட்டிருக்கு?"

"ஓய்வு" என்றேன்.

"யாருக்கு?" என்றார் அத்தான்.

நான் பதில் தேடுவதற்குள் பின்னால் ஒரு மெல்லிய குரல். திரும்பினால் சின்ன மிராசு. தலை முழுக்க வெளுத்துவிட்டது, தோளில் பொன்னாடை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று சொல்லி, இவர்தான் அந்தப் படத்தில் இருப்பவர் என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் என்னவென்று சொல்ல! ஓடிவந்து அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்களா! நல்லா இருக்கீங்களா? அன்னைக்கு அறுப்பு முடிச்சுட்டு அந்த வரப்புல நீங்க உட்கார்ந்திருந்த அழகு இருக்கே, என் வாழ்க்கையில அப்படி ஒரு படம் அப்புறம் அமையவே இல்லை. என் வீட்டுக் கூடத்துல இத்தனை வருஷமா உங்களைத்தான் தினம் பார்த்துக்கிட்டிருக்கேன்."

நான் அவர் கண்ணையே பார்த்தேன். நடிப்பு இருக்கும், பொய் இருக்கும், கொஞ்சமாவது கூச்சம் இருக்கும் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. கண்ணில் நீர் கட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அதிகாரி முன்னால் பேசினபோது அவருக்கு ரத்தம் தெரிந்திருந்தது. இப்போது நிஜமாகவே தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் அதிர்ந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அவர் நின்றது அத்தானின் இடது பக்கம். அத்தானுக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை. பிடித்த கைகளை அவரிடமே விட்டுவிட்டு, வலது காதை என் பக்கம் திருப்பினார். "என்னடா மாப்ளே சொல்றாரு?"

வயசாகி அந்தக் காதுக்கும் சத்தமாகச் சொன்னால்தான் எட்டும். "நீங்க அன்னைக்கு உட்கார்ந்திருந்தது அழகா இருந்துச்சாம்!" என்று கத்தினேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தான் சுவரில் இருந்தவரை ஒரு தடவை பார்த்தார். கையைப் பிடித்திருந்தவரை ஒரு தடவை பார்த்தார்.

"அப்படியா? அப்ப அன்னைக்கு மாட்டு வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாங்களே, அது யாருன்னு கேளு."

கேட்டேன். சின்ன மிராசுவுக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் அத்தானிடம் பேசின அதே சத்தத்தில்தான் கேட்டேன்.